சிக்னலில் ஏறவிருந்த மாப்பிள்ளை

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ரயில்வே இலாகாவே தங்களைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது இருபத்து மூன்று வயதிலேயே முற்றிவிட்டது.

எங்கள் வீடு திருவொற்றியூரில். கொல்லைச் சுவரைத் தாண்டினால் தண்டவாளம். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருந்தார். நான் பீச் ஸ்டேஷன் எதிரே ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். மூன்று வருடமாக தினமும் ஒரே லோக்கலில் போய் வந்ததில், எந்த வண்டி எப்போது வரும், எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று தெருவே நம்பியது. (தெரு நம்பியதோ இல்லையோ, நான் நம்பினேன்.)

அந்தச் சமயத்தில்தான் செல்வின் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணனுக்கு முப்பத்து மூன்று வயது. அதற்கு முன் ஐந்து இடம் பார்த்து ஐந்தும் தட்டிப்போயிருந்தன. ஆறாவது இடம் கரக்பூரில். பெண்ணின் அப்பா எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். ரயில்வேயில் கார்டாக வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டவர். "நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை, மாப்பிள்ளை நேரம் தவறாதவராக இருந்தால் போதும்" என்று கடிதம் எழுதியிருந்தார். அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். இதுவும் போனால் இனி ஏழாவது இடம் கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு கரக்பூர் சர்ச்சில் கல்யாணம். திரும்பி வந்து திருவொற்றியூரில் பெரிதாக வரவேற்பு வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அதனால் அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நாலே பேர்தான் கிளம்புவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்ட்ரலிலிருந்து புறப்படும் கல்கத்தா வண்டியில் நாலு டிக்கெட். திங்கட்கிழமை மதியம் இறங்கிவிடலாம்.

சிக்கல் சாமான்களில் இருந்தது. ஆறு டின் முந்திரிக்கொத்து, நாலு டின் அச்சுமுறுக்கு. அம்மாவும் தெருப்பெண்களும் ஒரு வாரம் உட்கார்ந்து செய்தது. சென்ட்ரலுக்குக் கொண்டுபோய், போர்ட்டர் தூக்கி, கூட்டத்தில் இடித்து ஏற்றினால் அச்சுமுறுக்கு மாவாகிவிடும் என்று அம்மா ராத்திரி பகலாகக் கவலைப்பட்டாள்.

அப்போது நான் வாயைத் திறந்தேன்.

"எதுக்கு சென்ட்ரல் போகணும்? அந்த வண்டி நம்ம வீட்டுக்குப் பின்னாடிதானே வருது. தினமும் சிக்னல்ல பத்து நிமிஷம் நிக்குது. நானும் அப்பாவும் சென்ட்ரல்ல ஏறி சீட்டைப் பிடிச்சுக்கிறோம். நீங்களும் அண்ணனும் டின்னோட இங்கயே நில்லுங்க. வண்டி நின்னதும் ஏறிக்கலாம்."

"தினமும் நிக்குமா?" என்றார் அப்பா.

"ஒரு மாசமாப் பாக்கறேன். ஒரு நாள்கூடத் தவறினதில்லை."

இது பொய்யில்லை. என் லோக்கலுக்காக பிளாட்பாரத்தில் நிற்கும்போது தினமும் கண்ணால் பார்த்தேன். கைக்குட்டை வாங்கிய கடையில் இனாமாகக் கொடுத்த டைரியில் தேதி போட்டுக் குறித்தும் வைத்தேன். அது மட்டுமா, வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு ஒத்திகையே நடத்தினேன். அப்பா கடையில் லோடு ஏற்றும் ஏகாம்பரம் ஒரு இரும்பு ஸ்டூலைக் கொண்டுவந்து சரளைக்கல் மேல் வைத்தான். வண்டி வந்தது, நின்றது. அண்ணன் ஸ்டூலில் கால் வைத்து ஒரு பெட்டியில் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான், மறுபடி இறங்கினான். பெட்டிக்குள் இருந்தவர்கள் அவனைக் கவலையோடு பார்த்தார்கள்.

"இன்னா தங்கச்சி, சோக்கா நிக்குது வண்டி!" என்றான் ஏகாம்பரம். "பத்து டின்னு இன்னா, வூட்டையே தூக்கி உள்ள வெச்சிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அப்பாவும் கைப்பையோடு சென்ட்ரலில் ஏறினோம். நாலு பேர் இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தோம். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"இன்னும் ரெண்டு பேர் எங்கே?"

"திருவொற்றியூர்ல ஏறுவாங்க சார்" என்றேன்.

"இந்த வண்டி திருவொற்றியூர்ல நிக்காதேம்மா."

"நிக்கும் சார்."

அவர் என்னை ஒரு முறை, அப்பாவை ஒரு முறை பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா இந்த லைன்ல வரேன்."

"நான் தினமும் பாக்கறேன் சார்" என்றேன். அவருக்கு விஷயம் தெரியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று அவரையும் கதவருகே அழைத்துப் போனேன்.

தண்டையார்பேட்டை தாண்டியது. வண்டி வேகம் குறையவில்லை. கடைசி நேரத்தில்தான் பிரேக் போடுவார்கள் என்று அவருக்கு விளக்கினேன். சிக்னல் தெரிந்தது. பச்சை.

எங்கள் வீட்டுக் கொல்லை வந்தது. சரளைக்கல் மேல் இரும்பு ஸ்டூல். அதற்குப் பக்கத்தில் வரிசையாகப் பத்து டின்கள். ஒவ்வொன்றிலும் அப்பா கடைப் பெயிண்டால் 'செல்வின் கல்யாணம்' என்று எழுதியிருந்தார். அம்மா பட்டுச்சேலையில். அண்ணன், பெட்டியில் வைத்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்று, அந்த மே மாத வெயிலில் கல்யாணக் கோட்டைப் போட்டபடியே. ஏகாம்பரம் ஒரு டின்னைத் தலைக்கு மேல் தூக்கித் தயாராக நின்றான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்கப்போவதில்லை என்பது அவர்களுக்குப் புரிவதற்குள் நான் பக்கத்தில் வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. அண்ணனைப் பார்த்து டாட்டா காட்டினேன். ரயிலில் போகிறவர்களும் ரயிலைப் பார்க்கிறவர்களும் டாட்டா காட்டியே வளர்ந்த வீடு, பழக்க தோஷம். அண்ணனும் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினான். பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு ஸ்டூல், டின், அம்மா எல்லாம் சின்னதாகி, எண்ணூர்ப் புகை வருவதற்கு முன்னாலேயே மறைந்துபோயின.

"யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டார் பரிசோதகர்.

"எங்க அண்ணனுக்கு சார்."

"அண்ணன் எங்கே?"

"கோட்டு போட்டுக்கிட்டு நின்னாரே, அவர்தான்."

நல்ல மனிதர். சிரிக்காமல் பென்சிலை எடுத்து, பட்டியலில் எங்கள் நாலு பெயரில் இரண்டை அடித்தார். கூடூரில் ஒரு குண்டான தம்பதி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள்.

எங்கள் கொல்லையில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வண்டி பாதி தாண்டியபோது ஏகாம்பரம் டின்னைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி ஆட்டியிருக்கிறான். எஞ்சின் அதற்குள் போய்விட்டது. கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு மட்டும் அதைப் பார்த்திருக்கிறார். விரலை நீட்டி ஏதோ திட்டிவிட்டு, கையிலிருந்த நோட்டில் எழுதியிருக்கிறார்.

"நைனா, எய்திகினு போறான் பாரு!" என்று அலறியிருக்கிறான் ஏகாம்பரம். "செவப்புத் துணி காட்டினா ஆறு மாசம் உள்ள போட்ருவாங்கோ. உன் பேரு வேற டின்னுல பெருசா கீது. கேஸு உன் மேலதான் வரும், கலீஜாப்பூடும்!"

அண்ணன் சும்மாவே பயந்த சுபாவம். அன்று இரவு சென்ட்ரலிலிருந்து கிளம்பிய அடுத்த கல்கத்தா வண்டியில், ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில், அம்மாவோடும் பத்து டின்னோடும் அவன் ஏறியபோது, கல்யாண மாப்பிள்ளையாக ஏறவில்லை. தேடப்படும் ஆளாக ஏறினான். அந்த வண்டி செவ்வாய் காலை ஏழு மணிக்குத்தான் கரக்பூர் போகும். கல்யாணத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால்.

எங்கள் வண்டியில் அப்பா என்னோடு பேசவில்லை. விஜயவாடாவில் மட்டும் ஒரு முறை வாயைத் திறந்தார்.

"ஏட்டி, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மனசு ஆறும்."

"நான் என்னப்பா தப்புப் பண்ணேன்? தினமும் நிறுத்தறவங்க இன்னிக்கு நிறுத்தலைன்னா தப்பு அவங்க மேலதானே?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த இடத்தில் என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆபீசில் ஒரு கடிதத்தில் கப்பலின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, கப்பலுக்கு வைத்த பெயர்தான் சரியில்லை என்று மேனேஜரிடம் அரை மணி நேரம் வாதாடியவள் நான். கடைசியில் மேனேஜர்தான் மன்னிப்புக் கேட்டார்.

திங்கள் மதியம் கரக்பூரில் சம்பந்தி பிளாட்பாரத்தில் மாலையோடு நின்றார். ஒல்லியான, நேரான மனிதர். பிளாட்பாரக் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவர் மட்டும் இறங்கியதும் எங்களுக்குப் பின்னால் பார்த்தார். யாரும் வரவில்லை. மாலையை அப்பா கழுத்தில் போட்டார். அப்பா மாலையோடு நின்றபடி நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

சம்பந்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு மாசம் பாத்தேன்னு சொல்றியேம்மா, ஞாயிற்றுக்கிழமை பாத்தியா?"

"ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு நாங்க சர்ச்சுல இருப்போம் மாமா."

"வார நாள்ல முன்னாடி பேக்டரி ஷிப்டுக்கு ஒரு லோக்கல் போகும். அது போற வரைக்கும் எக்ஸ்பிரஸ் காத்திருக்கும். ஞாயிறு பேக்டரி லீவு. லோக்கல் கிடையாது. லைன் காலி" என்றார். அவ்வளவுதான். நான் ஒரு மாதம் டைரி போட்டுக் கண்டுபிடிக்காததை, திருவொற்றியூரையே பார்க்காத மனிதர் பிளாட்பாரத்தில் நின்றபடி கண்டுபிடித்துவிட்டார். அப்போதும் நான் சும்மா இருந்தேனா? அதையெல்லாம் போர்டில் எழுதிப் போட வேண்டாமா என்று முணுமுணுத்தேன்.

அவர் நேராக ஸ்டேஷனுக்குள் போய் ரயில்வே போனை எடுத்தார். வழி நெடுக அவருக்குத் தெரிந்தவர்கள். ராஜமுந்திரியில் ஒருவர், விசாகப்பட்டினத்தில் ஒருவர், கட்டாக்கில் ஒருவர். அடுத்த கல்கத்தா வண்டியில்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டு, காணாமல்போன வேகனைத் தேடுவது போல் மாப்பிள்ளையைத் தேடச் சொன்னார். "கோட்டு போட்ட பையன், பேரு செல்வின், கூட ஒரு அம்மா. பாத்து சாப்பாடு வாங்கிக் குடுங்க, தகவல் சொல்லுங்க."

நல்ல எண்ணம்தான். ஆனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யூனிபார்ம் போட்டவர்கள் கையில் காகிதத்தோடு பெட்டி பெட்டியாக "செல்வின்! செல்வின்!" என்று கூவிக்கொண்டு வந்தால், சிவப்புத் துண்டுக் கேசுக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அவர்கள் அம்மாவிடம் கேட்டார்கள். ஆயுளில் பொய் சொல்லாத என் அம்மா, மூன்று ஸ்டேஷனிலும் பெற்ற மகனை மறுதலித்தாள். "செல்வினா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே." பின்னால் பத்து டின்னிலும் அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தமிழில் இருந்ததால் தப்பித்தாள்.

கரக்பூருக்குத் தகவல் வந்தது. ராஜமுந்திரியில் ஆள் இல்லை. விசாகப்பட்டினத்தில் இல்லை. கல்யாண வீடு மெல்ல அமைதியானது. பந்தல் போட வந்தவர்கள்கூடத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சம்பந்தி அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டு, அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார்.

திங்கள் சாயங்காலம் கல்யாணப்பெண் ஜாய்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். கையில் மருதாணி காயாமல் இருந்தது.

"மெர்சி, உண்மையைச் சொல்லு. உங்க அண்ணனுக்கு என்னைப் பிடிக்கலையா? போட்டோ பாத்துட்டு வேண்டாம்னுட்டாரா? அதைச் சொல்ல முடியாமத்தான் இந்த சிக்னல் கதையெல்லாமா?"

நான் எவ்வளவோ சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால், என் கதையை யாரால் நம்ப முடியும்? பத்து டின்னோடும் ஸ்டூலோடும் தண்டவாளத்தில் மாப்பிள்ளையை நிறுத்தி வைத்தோம் என்றால், சாக்குச் சொல்லத் தெரியாதவர்கள் சொல்லும் சாக்கு மாதிரிதான் இருந்தது. அவள் அழவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

செவ்வாய் காலை கட்டாக்கும் கைவிரித்தது. இருந்தாலும் ஏழு மணிக்கு எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி வந்து நின்றது. ஐந்து நிமிடம்தான் நிற்கும். நானும் அப்பாவும் கடைசிப் பெட்டிகளை நோக்கி ஓடினோம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டி ஒன்றின் ஜன்னலில் அம்மாவின் முகம். அப்பாவைப் பார்த்ததும் அம்மாவுக்கு உயிர் வந்தது.

"செல்வின் எங்கே?" என்று கத்தினார் அப்பா.

அம்மா பழக்கத்தில் "யாருன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு, பிறகு தலையில் அடித்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் கையைக் காட்டினாள்.

கக்கூசுக்குள் அண்ணன் அசையவில்லை. ஸ்டேஷனில் பேச்சு எடுபடட்டும் என்று சம்பந்தி யூனிபார்மில் வந்திருந்தார், அது வேறு. "மாப்பிள்ளை, நான்தான்" என்று கதவைத் தட்டினார். கதவிடுக்கில் வெள்ளை யூனிபார்மைப் பார்த்தவன் தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"லேய் செல்வின், வெளிய வாலேய், இது நம்ம சம்பந்திதான்!" என்று அம்மா கெஞ்சினாள். அப்பா அதட்டினார். டின்களை ஒவ்வொன்றாக இறக்கி முடித்தாகிவிட்டது. பத்து டின்னும் கரக்பூரில் இறங்கிவிட்டன, மாப்பிள்ளை மட்டும் கல்கத்தா போகப்போகிறான்.

மணி அடித்தது. சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது வருட சர்வீசில் ஒரு வண்டியையும் ஒரு நிமிடம் தாமதப்படுத்தாதவர் என்று பெயர் வாங்கியவர். கடைசிப் பெட்டிக்கு நடந்து போய், அந்த வண்டியின் கார்டு காதில் ஏதோ சொன்னார். அந்த கார்டு கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். தலையைக் குனிந்தபடியே சம்பந்தி திரும்பி வந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பிளாட்பாரப் பக்கம் கக்கூஸ் ஜன்னல் பாதி திறந்திருந்தது. அதன் கீழே போய் நின்று, கழுத்தை நிமிர்த்தி, நெஞ்சு வெடிக்கக் கத்தினேன்.

"அண்ணே! தப்பு என்னுதுதான்! நான் ஞாயிற்றுக்கிழமை பாக்கவே இல்லை! எல்லாம் என் மேலதான் தப்பு! என்னை மன்னிச்சுடு!"

கரக்பூர் பிளாட்பாரம் மிக நீளமானது. அன்று அதன் இரண்டு முனைவரை கேட்டிருக்கும். டீ விற்றவர் கெட்டிலோடு நின்றுவிட்டார்.

உள்ளே தாழ்ப்பாள் திறந்தது. அண்ணன் கசங்கிய கோட்டோடு, இரண்டு நாள் தாடியோடு இறங்கி, சம்பந்தியைப் பார்த்துக் கைகூப்பினான். சம்பந்தி கடைசிப் பெட்டி கார்டுக்குக் கையசைத்தார். வண்டி கிளம்பியது. இரண்டு நிமிடம் தாமதம்.

"அவ்வளவு பேர் கூப்பிட்டும் வராதவர், தங்கச்சி கூப்பிட்டதும் எப்படி வந்தீங்க?" என்று வழியில் சம்பந்தி கேட்டார்.

"போலீஸ் எங்க அம்மாவை மிரட்டிக் கூப்பிட வச்சிருக்கலாம் மாமா, அப்பாவையும் வச்சிருக்கலாம்" என்றான் அண்ணன். "ஆனா இவளைத் தப்புன்னு ஒத்துக்க வைக்க எந்தப் போலீசாலயும் முடியாது. அதான், இது நிஜம்னு புரிஞ்சுது."

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஜாய்ஸ் மைனி இதைக் கேட்டுவிட்டு, அந்தக் கசங்கிய கோட்டை வாங்கி அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பத்தரைக்குக் கல்யாணம் சரியாகத் தொடங்கியது. அச்சுமுறுக்கு ஒன்றுகூட உடையவில்லை என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாராவது பாத்ரூமுக்குள் போய் வெளியே வர நேரமானால், கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. வெளியே நின்று, என் குரலில், "அண்ணே! எல்லாம் என் மேலதான் தப்பு!" என்று கத்துவார்கள். அண்ணன் பேத்தி, பேசக் கற்றுக்கொண்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவளும் கத்துகிறாள்.

அதன்பின் நான் யாரிடமும் எந்தத் தப்பையும் ஒத்துக்கொண்டதில்லை. தேவை ஏற்படவில்லை என்பதே காரணம். என் கணவருக்கு இதில் பெரிய மனக்குறை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடமாகக் காத்திருக்கிறார். போன மாதம் வீட்டு வரி கட்டும் தேதியைப் பற்றி எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். நான் சொன்ன தேதி தவறு என்று ரசீதோடு நிரூபித்தார். நான் ரசீதை மடித்து அவரிடமே கொடுத்தேன். அவர் எழுந்து போனார். பாத்ரூமுக்குள் நுழைந்தார், தாழ்ப்பாள் போட்டார், ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

முக்கால் மணி நேரம் இருந்திருப்பார். நான் காபி போட்டுக் குடித்துவிட்டு, அவருடையதை மூடி வைத்தேன்.